என் இடுப்பளவில் பின்னிய கரப்பு

என் வயதுப் பெண்களிடம் ஒன்று கேட்கிறேன். எங்களுக்கு இப்போது எல்லாமே குறைந்துகொண்டு போகிறது. கண் மங்கல், பசி குறைவு, படி ஏற மூச்சு காணாது. ஆனால் சின்ன வயதில் ஒருத்தி மேல் பட்ட பொறாமை குறைந்திருக்கிறதா? எனக்குக் குறையவில்லை. அது மட்டும் தன்பாட்டில் நல்ல சுகத்தோடு இருக்கிறது.

அந்த ஒருத்தி என் மச்சாள். என் ஐயாவின் தங்கச்சியின் மகள். இப்போது இந்தப் பிரெஞ்சு நாட்டில், லா கூர்னெவில் மகனோடு இருக்கிறாள். வெள்ளிக்கிழமைகளில் ரயிலில் கார் து நோர் நிலையத்தில் வந்து இறங்கி, எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலுக்கு நடந்து வருவாள். முதலில் கோயில், பிறகு மரக்கறிக் கடை, அதற்குப் பிறகு என் வீடு. படியில் கால் வைக்கும்போதே குரல் மேலே வந்துவிடும்.

"எடியே, உயிரோட இருக்கிறியோ?"

நான் சத்தமாகப் பேசிப் பழகாதவள். அவள் பேசுவாள், நான் தேத்தண்ணி ஊற்றுவேன். அவளுக்கு இன்னும் பின்னல் போடும் அளவுக்கு முடி இருக்கிறது. அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் ஊற்றுவேன்.

இந்த முறை குளிர் விட்டதும் ஒரு வெள்ளிக்கிழமை, "வா, வெயிலுக்கை கொஞ்சம் நடப்பம்" என்று என்னை இழுத்துக்கொண்டு போனாள். மேலே மெத்ரோ ரயில் ஓடும் பாலத்தின் கீழாகவே நடந்தால் ஸ்டாலின்கிராட் என்ற இடம் வரும். அங்கே கால்வாய்த் தண்ணீர் அகன்று ஒரு குளம் மாதிரிக் கிடக்கும். மரங்கள் அப்போதுதான் துளிர்த்திருந்தன. சனம் கோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கரையெல்லாம் இருந்தது. நாங்கள் கரையோரம் கிடந்த ஒரு மர வாங்கில் இருந்தோம்.

எங்களுக்கு முன்னால் தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர் தூண்டில் போட்டுக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் தடி வளைந்தது. நல்ல மீன், முழங்கை நீளம் இருக்கும். அவர் கையை நனைத்துவிட்டு மீனைத் தூக்கினார், அதோடு ஒரு படம் எடுத்தார், பிறகு குனிந்து தண்ணீருக்குள் விட்டுவிட்டார்.

மச்சாள் எழும்பியே விட்டாள்.

"உவர் என்ன செய்யிறார்? பிடிச்சதை விடுறார்!" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவரைப் பார்த்து, "முசியே, பூர்குவா?" என்று பிரெஞ்சில் காரணம் கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டு ஏதோ சொன்னார்.

"என்னவாம்?" என்றேன்.

"வடிவான மீனாம். பாத்துப்போட்டு விடுறதாம்." திரும்ப வாங்கில் இருந்தாள். "பாத்துப்போட்டு விடுறதுக்கு அது என்ன, பொம்பிளை பாக்கப் போனதே?"

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அந்த நேரம் தண்ணீர்ப் பக்கமிருந்து ஒரு பாசி மணம் வந்தது. சேற்று மணமும் கலந்த மணம். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு அவள் எனக்கு ஒன்று சொன்னாள். அதை இங்கே எழுதத்தான் இதைத் தொடங்கினேன். ஆனால் முதலில் ஊரில் நடந்ததைச் சொன்னால்தான் அது விளங்கும்.

எங்கள் ஊர் வன்னியில். ஒரு குளம், அதன் கீழே வயல், ஊருக்குப் பின்னால் ஒரு ஆறு. மாரியில் மட்டும்தான் அது ஆறு. மற்ற மாதங்களில் கண் கூசும் வெள்ளை மணல். அந்தப் பக்கம் காடும் முள்ளுப் பற்றையும்தான். நாங்கள் அந்த மணலில் வெறுங்காலோடு ஓடினால் கால் கொப்பளித்துவிடும்.

எனக்குப் பத்து வயது மட்டில் இருக்கும்போது ஒரு வருசம் மாரி பொய்த்துவிட்டது. வழக்கமாக ஆடி, ஆவணியில்தான் குளம் அடி தெரிய வற்றும். அந்த வருசம் பங்குனியிலேயே தண்ணீர் நின்ற அலைகரை முழுக்க வெடித்து, நடுவில் ஒரு மடு மட்டும் மிஞ்சியது. குளத்தில் இருந்த மீன் எல்லாம் அந்த மடுவுக்குள். பின்னேரங்களில் குளக்கட்டில் நின்று பார்த்தால் தண்ணீர் கொதிக்கிற மாதிரி இருக்கும். நாரையும் கொக்கும் நீர்க்காகமும் சுற்றிவர நிற்கும். காற்று எங்கள் பக்கம் திரும்பினால் சோறு தின்னும்போதும் சேறு மணக்கும்.

அப்படித் தண்ணீர் வற்றியதும் ஊர் முழுக்க இறங்கி மீன் பிடிக்கும். கரப்பால் குத்திப் பிடிப்பதால் அந்த நாளைக் குளங்குத்து என்போம். கரப்பு என்றால், குளத்து ஊர்களில் பிறக்காதவர்களுக்குச் சொல்கிறேன், மெல்லிய தடிகளை நெருக்கி வைத்துக் கொடியால் வரிந்த கூடை. அடி அகலமாகத் திறந்திருக்கும், மேலே வாய் ஒடுக்கம். கலங்கல் தண்ணீரில் நடந்துபோய்ச் சட்டென்று சேற்றில் குத்த வேண்டும். உள்ளே மீன் அகப்பட்டால் தடியில் முட்டும். மேல் வாயால் கையை விட்டுத் தடவிப் பிடிக்க வேண்டும்.

எங்கள் ஊரில் இதற்கு ஒரு முறை இருந்தது. ஆம்பிளைகள் முதலில் தண்ணீரில் இறங்கமாட்டார்கள். பெரியபிள்ளையாகாத ஒரு பெண்பிள்ளை முதலில் தனியே நடுவுக்கு நடந்துபோய் ஒரு தரம் கரப்பைக் குத்த வேண்டும். அவளுக்கு முதற்கால் என்று பேர். முதற்கால் வைத்துவிட்டால் குளத்து முதலை அந்த நாள் ஒருவரையும் தொடாது என்று நம்பினார்கள். ஓம், குளத்தில் முதலை இருந்தது. எப்போதும் இருந்தது. அது எங்கட முதலை, பிள்ளைகளை ஒன்றும் செய்யாது என்று பெரியவர்கள் வீட்டு நாயைச் சொல்லுகிற மாதிரிச் சொல்லுவார்கள்.

முதற்கால் கொடுப்பது ஒவ்வொரு வருசமும் ஒவ்வொரு வீட்டின் முறை. அந்த வீட்டில் பெண்பிள்ளை இல்லாவிட்டால் முறை அடுத்த வீட்டுக்குப் போகும். அந்தப் பிள்ளைக்குப் புதுச் சட்டை. அவள் குத்துகிற மீன் அவளுக்கே. அடுத்த குளங்குத்து வரும்வரை ஊரில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள், முதற்கால் என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் முன் வாங்கு அவளுக்கு. என்னைப் போலச் சபையில் வாய் திறக்காத ஒரு பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விசயம் என்று யோசித்துப் பாருங்கள். வாயே திறக்காமல் ஊர் முழுக்கப் பார்க்க நடந்து போகலாம்.

அந்த வருசம் எங்கள் வீட்டு முறை.

எங்கள் வீட்டில் அப்போது பெண்பிள்ளைகள் இரண்டு. நானும் மச்சாளும். அவளைப் பெற்ற என் மாமி செத்துப்போக, தகப்பன் வேறு கலியாணம் செய்துகொண்டு போய்விட்டார். ஐயா போய் ஆற்றின் கீழ்ப்பக்கத்து ஊரிலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒரு சின்னத் தகரப் பெட்டி, அதற்குள் ஒரு பாவாடை, ஒரு உடைந்த சீப்பு. என்னை விட ஒரு சாண் உயரம். வந்த நாளிலிருந்து என் பாயில் பாதி அவளுக்கு. நான் ஒரு வார்த்தைக்கு யோசிக்கும் நேரத்தில் அவள் பத்து வார்த்தை சொல்லிவிடுவாள். ஐயா அவள் கதைக்குச் சிரிப்பார். என் கதைக்குச் சிரித்த நினைவு இல்லை. நான் கதை சொன்ன நினைவும் இல்லை.

ஆனால் கரப்பு விசயத்தில் நான் வென்றேன். மாசியில் ஒரு நாள் ஐயா முற்றத்தில் தடி சீவிக்கொண்டிருந்தார். பச்சைத் தடியின் மணம். மச்சாள் பக்கத்தில் இருந்து கொடி உரித்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சை வா பிள்ளை. நேரா நில்" என்றார் என்னை.

ஒரு தடியை என் காலோடு சேர்த்து நிறுத்தி, இடுப்பு மட்டத்தில் கத்தியால் ஒரு கீறு போட்டார். அந்த அளவில் மற்றத் தடிகளை வெட்டினார்.

"ஐயா, இது ஆருக்கு?" எனக்குத் தெரியும். அவர் வாயால் கேட்க ஆசை.

"ஆர் அளவு குடுத்ததோ அவைக்கு."

நான் மச்சாளின் முகத்தைப் பார்த்தேன். அவள் நிமிராமல் கொடியை உரித்தாள். ஆனால் உரித்த வேகம் கூடிப்போயிருந்தது. எனக்கு வாய்க்குள் சர்க்கரை போட்ட மாதிரி இருந்தது. அந்த ஒரு பொழுது மட்டும் பொறாமை அவள் பக்கம் இருந்தது.

கரப்பு வடிவாக வந்தது. பெரியவர்களுடையதைப் போலவே, ஆனால் சின்னன். அதன் வாயைச் சுற்றி அம்மா தன் பழைய சிவப்புச் சேலையில் ஒரு கீலம் கிழித்துச் சுற்றினா, என் கை கீறாமல் இருக்க. நான் ஒவ்வொரு நாளும் அதை எடுத்து வைக்கோலில் குத்திக் குத்திப் பழகினேன். வைக்கோலுக்குள் மீன் இருக்கிற மாதிரிக் கையை விட்டுத் தடவுவேன்.

பங்குனி நடுவில் கிணற்றில் சேறுதான் வந்தது. அதனால் நானும் மச்சாளும் காலையில் ஆற்று மணலுக்குப் போய் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் குடத்துக்கு அள்ளுவோம். ஒரு காலை அங்கே மணலில் ஒரு தடம் கிடந்தது. பாரமான சாக்கு ஒன்றை இழுத்துக்கொண்டு போன மாதிரி ஒரு நீளக் கோடு, அதன் இரண்டு பக்கமும் விரல் விரித்துப் பதித்த அடையாளங்கள். எங்கள் ஊற்றுக்குப் பக்கத்தால் வந்து, கரையேறி, குளத்துப் பக்கம் போயிருந்தது. மச்சாள் சிரட்டையைக் கையில் வைத்தபடி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு அவள் ஒன்றும் கதைக்கவில்லை. அதை நான் அப்போது கவனித்து, இவளுக்கு என்ன வாய் நொந்துபோச்சோ என்று நினைத்தேன்.

நான்தான் ஓடிப்போய் ஐயாவைக் கூட்டிவந்தேன். ஐயா தடத்தோடு கரை மட்டும் நடந்து போனார். திரும்பி வந்து, ஊற்றடியில் கிடந்த பகுதியைக் காலால் அழித்தார்.

"ஆரோ சாக்கு இழுத்திருக்கினம். கொம்மாட்டைச் சொல்லாதை."

நான் சொல்லவில்லை. ஆனால் அன்று பின்னேரம் அவரே அம்மாவிடம் அடுப்படியில் குனிந்து ஏதோ சொன்னார். அம்மாவின் கையில் இருந்த அகப்பை அப்படியே நின்றது. அடுத்த நாள் என் கரப்பு முற்றத்தில் இல்லை. எடுக்க எட்டாத உயரத்தில் கூரை வளையில் தொங்கியது.

குளங்குத்துக்கு முதல் நாள் புதுச் சட்டை வந்தது. நீலத்தில் வெள்ளைப் பூப் போட்ட சீத்தைத் துணி. எனக்கு இன்றும் கண்ணை மூடினால் அந்த நீலம் தெரியும். அம்மா மச்சாளைக் கூப்பிட்டு அதை அவள் தோளில் வைத்துப் பார்த்தா.

"அம்மா, அது என்ர" என்றேன்.

"உனக்குத் தடிமன். தண்ணியுக்கை இறங்க ஏலாது."

"எனக்குத் தடிமன் இல்லை."

"வரப்போகுது" என்றா அம்மா.

நான் மூக்கை உறிஞ்சிக் காட்டினேன், சளி இல்லை என்று. அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரி வேலிப் பொட்டால் தலையை நீட்டினா. எங்கள் ஊரில் புதுச் சட்டை முதலில் வேலிக்குத்தான் தெரியும்.

"என்ன தங்கச்சி, மருமகளுக்கோ சட்டை? உங்கட முறைக்கு உங்கட பிள்ளையை எல்லோ விடவேணும்?" சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினா. "ஆத்திலயிருந்து ஒண்டு ஏறி வந்திட்டுதாம் எண்டு ஆம்பிளையள் கதைக்கினம். எருமைக் கண்டு ஒண்டையும் காணேல்லையாம். பயமெண்டால் முறையை எங்களுக்குத் தள்ளி விடுங்கோவன்."

அம்மா நிமிர்ந்து நின்றா. "முறையை ஏன் தள்ளுறது? அவளும் எங்கட வீட்டுப் பிள்ளைதானே."

அந்தச் சொல் எனக்கு அடித்த மாதிரி இருந்தது. எருமைக் கன்றும், ஆற்றிலிருந்து ஏறி வந்ததும் என் காதில் விழுந்தது, ஆனால் மனதில் விழவில்லை. எங்கட வீட்டுப் பிள்ளை. அப்படியென்றால் நான் யார்? என் அளவில் பின்னிய கரப்பு, என் சட்டை, என் முறை. இப்போது என் பேரும் போய்விட்டது. நான் கோழிக்கூட்டுக்குப் பின்னால் போய் இருந்து அழுதேன். தேடி ஒருவரும் வரவில்லை. மச்சாள் மட்டும் எட்டிப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மறுநாள் வெயில் ஏற முதலே ஊர் முழுக்கக் குளத்தில். ஆம்பிளைகள் கரப்போடு வெடித்த சேற்றில் வரிசையாக நின்றார்கள். பெண்கள் குளக்கட்டில், பனங்கூடைகளோடு. குளத்துக்குப் பொறுப்பான வட்டவிதானையார் ஐயனார் கல்லுக்குக் கற்பூரம் காட்டினார். பிறகு மச்சாளைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

அவள் நடந்தாள். நீலச் சட்டை, எண்ணெய் வைத்து இழுத்த பின்னல், கையில் என் கரப்பு. சிவப்புக் கீலம் தூரத்திலும் தெரிந்தது. முதலில் கணுக்கால் மட்டும், பிறகு முழங்கால் மட்டும் சேறு. தண்ணீர் இடுப்புக்கு வந்தபோது சட்டை குடை மாதிரி விரிந்து மிதந்தது. குளக்கட்டில் ஒருவர் மூச்சும் கேட்கவில்லை. என்னைப் பார்த்து ஒரு நாளும் ஊர் அப்படி மூச்சடக்கியது இல்லை.

நான் இறங்கி ஓடத்தான் நினைத்தேன். ஓடிப்போய்க் கரப்பைப் பறிக்க வேண்டும். ஆனால் ஐயா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் இழுத்தேன். இழுக்க இழுக்கப் பிடி இறுகியது.

"விடுங்கோ ஐயா, நோகுது."

"நோகட்டும்" என்றார். என்னைப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு.

நடுவில் மச்சாள் நின்றாள். ஒரு தரம் திரும்பிக் குளக்கட்டைப் பார்த்தாள். நிற்கிறாள், நிற்கிறாள், குத்தவில்லை. "குத்தன் பிள்ளை" என்று யாரோ மெல்லச் சொன்னார்கள். சட்டென்று கரப்பை இரண்டு கையாலும் தூக்கி, கோபம் வந்தவள் மாதிரிக் குத்தினாள். கரப்பு ஆடியது. கையை விட்டாள், தோள்வரை விட்டாள், கன்னம் தண்ணீரில் பட்டது. வெளியில் எடுத்தபோது கையில் ஒரு விரால், அவள் கையளவு நீளம், கறுத்த முதுகு வெயிலில் மின்னியது.

ஊர் போட்ட கூச்சலில் கொக்கெல்லாம் எழும்பியது. ஆம்பிளைகள் ஒரே பாய்ச்சலில் தண்ணீருக்குள் இறங்கினார்கள். பிறகு குளங்குத்துத்தான். சேறு, சிரிப்பு, கெளுத்தி முள் குத்தியவனின் கத்தல், கரையில் துள்ளுகிற யப்பான் மீன். ஐயா மட்டும் மீன் பிடிக்கப் போகவில்லை. நேரே போய் மச்சாளை இடுப்போடு தூக்கிக்கொண்டு கட்டுக்கு வந்தார். என்னை விட உயரமான பிள்ளையை!

வீட்டுக்கு வந்து அவரே அவளைக் கிணற்றடியில் நிறுத்தி, குடத்தில் மிஞ்சியிருந்த நல்ல தண்ணீரை ஊற்றிக் கால் கழுவினார். ஒரு காலைத் தூக்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு மற்றக் கால். சேறு போன பிறகும் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தார். நான் என் மணிக்கட்டைக் காட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அவர் விரல்கள் அதில் சிவப்பாகப் பதிந்திருந்தன. அதைக் கழுவ ஒருவரும் இல்லை.

இரவு விரால் குழம்பு. பழப்புளி, கட்டித் தேங்காய்ப்பால், உள்ளி. வாசம் தெரு மட்டும் போயிருக்கும். மீன் தலை மச்சாளின் சோற்றுக் கோப்பையில். ஐயா வயிறு சரியில்லை என்று எழும்பிவிட்டார். அவர் பங்குத் துண்டும் அவளுக்கே போனது. எனக்கு அம்மா நடுத்துண்டு வைத்தா. நான் தொடவில்லை. தடிமன் என்றேன்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. வருசப்பிறப்பு கழிந்து மடுவும் வற்றியபோது வயலுக்குத் தண்ணீர் திறக்கும் துருசடிச் சேற்றில் ஒரு முதலை கிடந்தது. எங்கள் முதலை இல்லை. ஆற்றிலிருந்து வந்தது, வண்டில் நீளம். ஊர் போய்ப் பார்த்தது, நானும் போய்ப் பார்த்தேன். "இதுக்குள்ளயோ அண்டைக்கு அவ்வளவு சனமும் நிண்டது!" என்று எல்லோரும் வாயில் கை வைத்தார்கள். பிறகு எல்லோரும் மச்சாளைப் பார்த்தார்கள். முதற்கால் என்றால் இதுதான் முதற்கால் என்றார்கள். அடுத்த வருசம் வேறு பிள்ளை போன பிறகும் அவளுக்கு அந்தப் பேர் போகவில்லை. பிள்ளைப்பேற்று வீட்டுக்கு முதலில் அவள் கால் வைக்க வேண்டும், புதுக் கிணற்றில் முதலில் அவள் அள்ள வேண்டும். நான் அவளுக்குப் பின்னால் செம்பு தூக்கிக்கொண்டு போனேன்.

அந்தக் கரப்பு பிறகு கோழிக் குஞ்சு மூடப் போனது. கறையான் தின்றது. நீலச் சட்டை அவளுக்குச் சின்னதான பிறகு எனக்கு வந்தது. நான் அதைப் போடவில்லை.

மற்றதை நீங்கள் அறிவீர்கள், எங்கள் எல்லோருக்கும் நடந்ததுதான். ஊர் போனது. இரண்டு பேரும் இங்கே வந்தோம். அவளுக்கு வதிவிட அட்டை எனக்கு முதல் கிடைத்தது. அவளுக்குப் பிரெஞ்சு வந்தது, எனக்கு வரவில்லை. அவள் மகன் அவளைத் தன்னோடு வைத்திருக்கிறான், என் மகள் ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி எடுப்பாள். ஒவ்வொன்றிலும் எனக்கு அந்த நீலச் சட்டை தெரியும். அவள் எப்போதும் முன்னுக்குத்தான் நடப்பாள், நான் பின்னுக்குத்தான்.

இனி அந்த வாங்குக்கு வருகிறேன். தாடிக்காரர் இன்னொரு தரம் தூண்டிலை எறிந்தார். மச்சாள் தண்ணீரைப் பார்த்தபடி கேட்டாள்.

"குளங்குத்து நினைவிருக்கோ உனக்கு?"

"மறப்பனே?"

"நீ குளக்கட்டில நிண்டு என்னைத் தின்னுறமாதிரிப் பாத்தனீ."

"அது என்ர கரப்பு" என்றேன். இத்தனை காலத்தில் அதை நான் அவளிடம் சொன்னது அதுதான் முதல்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஓமடி. உன்ர அளவு. எனக்குக் கட்டை. குனிஞ்சு நாரி முறிஞ்சு போச்சு." பிறகு சிரிப்பு மெல்ல நின்றது. "ஆத்தில கிடந்த தடம், அதை நீ சாக்கு எண்டெல்லோ நினைச்சனீ?"

"ஐயா அப்பிடித்தானே சொன்னவர்."

"நான் ஆத்தங்கரையில பிறந்தவள். சாக்குக்கு நகம் இருக்குமே?"

நான் அவள் பக்கம் திரும்பினேன். "தெரிஞ்சும் ஏன் போனனீ?"

"மாமி வேலியடியில நிண்டு சொன்னா எல்லோ, எங்கட வீட்டுப் பிள்ளை எண்டு. நான் உள்ளுக்கை நிண்டு கேட்டனான். அதுக்கு முன்னமும் ஒருத்தரும் சொல்லேல்லை, பிறகும் சொல்லேல்லை. அந்த நேரம் எனக்கு அந்த ஒரு சொல்லே காணுமாயிருந்தது. முதலை வாய்க்குள்ளயும் போயிருப்பன்."

பாலத்தில் மெத்ரோ ஒன்று சத்தத்தோடு போய் முடிந்தது.

"நடுவில போய் நிண்டனான். காலுக்குக் கீழ ஒண்டு அசைஞ்சது. சொரசொரப்பாய், கனமாய். ஆமையாயும் இருக்கலாம், ஆர் கண்டது. கத்துவம் எண்டு திரும்பினன். மாமா உன்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். விட்டால் நீ பறந்திடுவாய் எண்ட மாதிரி ஒரு பிடி." தன் மணிக்கட்டைத் தானே பிடித்துக் காட்டினாள். "எனக்குப் பயம் போயிட்டுது. வயிறு பத்தி எரிஞ்சது. அந்த எரிச்சலிலதான் குத்தினனான். விரால் அகப்பட்டது என்ர கைராசி இல்லையடி. உன்ர கை."

தாடிக்காரரின் தூண்டில் சும்மா வந்தது. அவர் எங்களைப் பார்த்துத் தோளை உயர்த்தினார். மச்சாள் அவருக்குக் கையை ஆட்டினாள், ஒன்றுமே நடக்காத மாதிரி.

எனக்கு அந்தக் கிணற்றடி வந்தது. ஐயா ஒவ்வொரு காலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தது, சாப்பிடாமல் எழும்பிப் போனது. கீறு போட்டது என் இடுப்பளவில். தடத்தைப் பார்த்த பிறகுதான் கரப்பு வளைக்கு ஏறியது. அவர் கெட்டவர் இல்லை, அம்மாவும் இல்லை. முறையைப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளியிருந்தால் போதும், கேட்டும் தள்ளவில்லை. ஊர் முன்னால் முறை தப்பக்கூடாது, பெற்ற பிள்ளையும் தப்ப வேண்டும். நடுவில் ஒருத்தி இருந்தாள். ஐயாவின் கூடப்பிறந்தவள் பெற்ற பிள்ளை. தாய்மாமன் என்றால் எங்களுக்கு யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இதைக் கேட்ட பிறகாவது என் பொறாமை போயிருக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். உள்ளே தேடிப் பார்த்தேன், அது அங்கேயே இருந்தது.

"சேறு எப்பிடி இருந்தது?" என்று கேட்டேன்.

"என்ன?"

"நடுவில. காலுக்கு எப்பிடி இருந்தது?"

"குளிர்மை. விரலுக்குள்ளால வெண்ணெய் மாதிரி வழுகிக்கொண்டு மேல வந்தது."

"ம்" என்றேன்.

"எடி விசரி, உனக்கு இப்பவும் எரியுதோ?"

"ஓம்."

"எனக்கும்தான்" என்றாள்.

வெயில் சாய்ந்துவிட்டது. அவளுக்கு ரயில் பிடிக்க வேண்டும். இரண்டு பேரும் லா சப்பல் பக்கம் திரும்பி நடந்தோம். கடைகளுக்கு முன்னால் சனம், காய்கறிப் பெட்டி, ஆரன் சத்தம். சந்தியில் நடப்பவர்களுக்கான சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் வழக்கம்போல அதைப் பாராமல் ஒரு காலைத் தெருவில் வைத்தாள். மூலையால் பஸ் ஒன்று திரும்பி வந்தது. நான் அவள் மணிக்கட்டை எட்டிப் பிடித்து இழுத்தேன். எலும்புதான் கையில் தட்டுப்பட்டது.

பஸ் போய்விட்டது. நான் கையை எடுக்கவில்லை.

"விடடி, நோகுது" என்றாள்.

"நோகட்டும்" என்றேன்.

விளக்குப் பச்சையானது. நான் முன்னே நடந்தேன். அவள் பின்னால் வந்தாள்.